கூரியர் பிரைம்: நான்கு வருஷம் அடித்துப் பார்த்த பிறகு

சாலிகிராமத்தில் ஒரு வீட்டு மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது என் கடை. கம்ப்யூட்டர் ஒன்று, லேசர் பிரிண்டர் ஒன்று, ஸ்பைரல் பைண்டிங் மெஷின் ஒன்று. மூன்றாவது ஆள் உள்ளே வந்தால் நான் எழுந்து நிற்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா எல்லாம் அடித்துக் கொடுக்கிறேன் என்றாலும் பிழைப்பு ஓடுவது சினிமா ஸ்கிரிப்டில்தான். உதவி இயக்குநர் தம்பிகள் கோடு போட்ட நோட்டில் எழுதி எடுத்து வருவார்கள். "அக்கா, வெள்ளிக்கிழமை நரேஷன்" என்பார்கள், அதாவது தயாரிப்பாளருக்கோ நடிகருக்கோ கதை சொல்கிற நாள். அன்றைக்குப் புதன்கிழமை சாயங்காலமாக இருக்கும்.

இந்த நான்கு வருஷத்தில் கூரியர் பிரைம் என்ற ஃபான்டில் நான் அடித்த பக்கங்களை அடுக்கினால் என் மேஜை உயரத்துக்கு வரும். இலவச ஃபான்டுக்கு எதற்கு விமர்சனம் என்று கேட்கலாம். இலவசம் என்று இறக்கிவைத்து, ஒருமுறைகூடத் திறந்து பார்க்காத ஃபான்ட் என் கம்ப்யூட்டரில் நூறு இருக்கிறது. இது மட்டும் தினமும் சோறு போடுகிறது. எதனால் நிலைத்தது, எங்கே என் காலை வாரியது, இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு முன்னால் விண்டோஸோடு வருகிற கூரியர் நியூவில்தான் அடித்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வயதான கோ-டைரக்டர் ஒருவர் 110 பக்க ஸ்கிரிப்டை வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "என்னம்மா, டோனர் தீர்ந்துபோச்சா?" என்றார். காலையில்தான் புது கார்ட்ரிட்ஜ் போட்டிருந்தேன். வாயைத் திறக்காமல் முழுவதையும் போல்டில் எடுத்துக் கொடுத்தேன். கரிக்கட்டையால் எழுதின மாதிரி வந்தது. அந்த 110 தாளும் நஷ்டக் கணக்கில் போனது.

கோளாறு டோனரில் இல்லை. கூரியர் நியூவே நோஞ்சான். ஏன் அப்படி என்று புரிய, பழைய டைப்ரைட்டரில் கை வைத்திருந்தால் உதவும். நான் மாயவரத்தில் டைப்பிங் பரீட்சையில் லோயரும் ஹையரும் முடித்தவள், இங்கிலீஷ், தமிழ் இரண்டும். எங்கள் இன்ஸ்டிடியூட்டில் ரெமிங்டன் நான்கு, ஃபாசிட் இரண்டு, கோத்ரெஜ் ஒன்று. ரிப்பன் மாற்றின அன்றைக்கு எல்லாரும் அந்த மெஷினுக்குத்தான் சண்டை போடுவோம். இரும்பு எழுத்தைத் தொட்டுப் பார்த்தால் அதன் விளிம்பு மெல்லிசாக இருக்கும். அது ரிப்பனை அழுத்தித் தாளில் பதியும்போது மை கொஞ்சம் கசிந்து பரவும். தாளில் விழுகிற எழுத்து, இரும்பில் இருக்கிற எழுத்தைவிடத் தடிமன். எழுத்தை வரைகிறவர்கள் இந்தக் கசிவையும் கணக்கில் வைத்துத்தான் மெல்லிசாக வரைந்தார்கள்.

கூரியரும் அப்படிப் பிறந்ததுதான். 1950களின் நடுவில் ஐபிஎம் கம்பெனியின் டைப்ரைட்டர்களுக்காக ஹோவர்ட் கெட்லர் என்பவர் வரைந்தார். ஐபிஎம் இதைத் தன் சொத்தென்று பூட்டி வைக்கவில்லை. அதனால் மற்ற டைப்ரைட்டர் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டன. 1961ல் ஐபிஎம்மின் செலக்ட்ரிக் வந்தது. அதில் தனித்தனிக் கம்பிகள் கிடையாது. கோல்ஃப் பந்து அளவில் ஓர் உருண்டை சுழன்று சுழன்று அடிக்கும். பின்னாளில் கம்ப்யூட்டருக்காகக் கூரியர் நியூவைச் செய்தபோது, அந்த உருண்டையில் இருந்த மெல்லிய வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். மை பரவிச் சேர்க்கிற சதை சேரவில்லை. 1992ல் விண்டோஸ் 3.1 வழியாக அது உலகத்தில் இருக்கிற எல்லா கம்ப்யூட்டருக்கும் போய்ச் சேர்ந்தது. லேசர் பிரிண்டர் கசியாது, கொடுத்ததை அப்படியே போடும். எலும்பைக் கொடுத்தால் எலும்பைத்தான் போடும்.

கூரியர் பிரைமில் அந்தச் சதையைத் திருப்பி ஏற்றியிருக்கிறார்கள். 2013ல் வந்தது. ஜான் ஆகஸ்ட் என்கிற ஹாலிவுட் திரைக்கதை எழுத்தாளர் தன் கோட்-அன்கோட் ஆப்ஸ் கம்பெனிக்காகச் செய்யச் சொல்ல, ஆலன் டேக்-கிரீன் வரைந்தது. சாதா, போல்டு, இட்டாலிக், போல்டு இட்டாலிக் என்று நான்கு. ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் இருப்பதால் கடையில் வைத்துச் சம்பாதிப்பதற்கும் தடை இல்லை. கூகுள் ஃபான்ட்ஸிலேயே கிடைக்கிறது.

முதல் தடவை பிரிண்ட் எடுத்தபோது இரண்டு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே சீன், ஒரே 12 பாயிண்ட். கூரியர் நியூ தாளைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்தால் சாம்பல் பூத்த மாதிரி இருந்தது. பிரைம் தாள் கறுப்பாக, நிதானமாக இருந்தது. அதே கோ-டைரக்டர் அடுத்த முறை வந்து, கண்ணாடியைத் துடைக்காமல் வாங்கிக்கொண்டு போனார். அவரிடமிருந்து அதற்கு மேல் சர்டிஃபிகேட் எதிர்பார்க்க முடியாது.

சரி, எழுத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். இந்த வகை ஃபான்டில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். சின்ன ஐக்கும் ஓர் அறை, பெரிய டபிள்யூவுக்கும் அதே அளவு அறை. ஐ ஒற்றைக் குச்சி. அதை அறை நடுவில் அப்படியே நிற்கவைத்தால் இரண்டு பக்கமும் காலியாகத் தெரியும், வார்த்தையில் பல் விழுந்த மாதிரி ஆகிவிடும். அதனால் அதற்கு அடியில் பட்டையாக, நீளமாக ஒரு கால் வைக்கிறார்கள். தலையில் இடது பக்கமாக ஒரு துண்டு. சின்ன எல்லுக்கும், எண் ஒன்றுக்கும் இதே ஏற்பாடு. டைப்ரைட்டர் எழுத்தின் இந்தக் கட்டைக் கால்களை எல்லாரும் பழங்கால அழகு என்று நினைக்கிறார்கள். அது இடத்தை அடைக்கிற வேலை. சின்ன எம்மின் பாடுதான் திண்டாட்டம். மூன்று தூண்களையும் அதே அறைக்குள் திணிக்க வேண்டும். கூரியர் நியூவில் எம் வந்தாலே பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பிரைமில் தடிமன் கூடியும் எம் அடைபடாமல் வருகிறது. ஃபான்ட் வரைந்தவர் கையை நான் நம்ப ஆரம்பித்தது இந்த எம்மைப் பார்த்துத்தான்.

ஒரே அகலம் என்பதால் இந்த எழுத்தை எண்ணலாம். டைப்பிங் பரீட்சையில் ஸ்டேட்மென்ட், அதாவது அட்டவணை, அடிக்கும்போது இதைத்தான் செய்தோம். தலைப்பில் எத்தனை எழுத்து என்று எண்ணு, வரியின் மொத்த இடத்திலிருந்து கழி, பாதியாக்கு, அத்தனை தடவை ஸ்பேஸ் பாரைத் தட்டு, தலைப்பு நட்டநடுவில் விழும். பைகா என்கிற எழுத்தளவு உள்ள மெஷினில் அங்குலத்துக்கு 10 எழுத்து. இன்றைக்கும் 12 பாயிண்ட் கூரியரில் அங்குலத்துக்கு அதே 10 எழுத்து, நெடுக்கில் அங்குலத்துக்கு 6 வரி. ஸ்கிரிப்டில் ஒரு பக்கம் என்றால் படத்தில் ஒரு நிமிஷம் என்று சினிமாக்காரர்கள் சொல்கிற ‘ஒரு பக்கம் ஒரு நிமிஷம்’ கணக்கு இந்த அளவின் மேல்தான் நிற்கிறது. ஃபான்ட் அளவு மாறினால் நிமிஷமும் மாறிவிடும்.

பிரைமைச் செய்தவர்கள் இந்த அளவில் கை வைக்கவில்லை, அதுதான் கெட்டிக்காரத்தனம். ஏற்கெனவே கூரியரில் அடித்து வைத்திருந்த 118 பக்க ஸ்கிரிப்ட் ஒன்றைத் திறந்து, மொத்தத்தையும் செலக்ட் செய்து, பிரைமுக்கு மாற்றினேன். 118 பக்கம் 118ஆகவே நின்றது. ஒரு சீன்கூட அடுத்த பக்கத்துக்கு நகரவில்லை. ஒரே ஒரு நிபந்தனை: வரி இடைவெளியை ‘சிங்கிள்’ என்று விடக் கூடாது, ‘எக்ஸாக்ட்லி 12 பாயிண்ட்’ என்று போட வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். அந்த நிமிஷக் கணக்கு அமெரிக்கத் தாளுக்குப் போட்டது. அவர்கள் லெட்டர் தாள் 11 அங்குல உயரம். நம் ஏ4 தாள் 11.69 அங்குலம். மேலும் கீழும் ஒரு அங்குலம் விட்டால் அவர்களுக்குப் பக்கத்துக்கு 54 வரி, நமக்கு 58. நான்கு வரிதானே என்று விட்டால் 120 பக்கம் 112 ஆகிவிடும். எட்டு நிமிஷம் காணாமல் போகும். நான் கீழ் மார்ஜினை 1.69 அங்குலமாக வைக்கிறேன், சரியாக 54 வரி விழுகிறது. சோம்பேறித்தனமாக 1.7 என்று போட்டால் ஒரு வரி குறையும், பட்டுத் தெரிந்துகொண்டது. அகலத்தில் ஏ4 கொஞ்சம் ஒல்லி; இடது மார்ஜின் 1.5, வலது 0.75 என்றால் ஆக்‌ஷன் வரிக்கு, அதாவது காட்சியில் நடப்பதைச் சொல்கிற வரிக்கு, 60 எழுத்து கிடைத்துவிடும்.

இட்டாலிக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கூரியர் நியூவில் இட்டாலிக் என்றால் அதே எழுத்தைப் பிடித்துச் சாய்த்திருப்பார்கள், சுவரில் ஏணி சாத்தின மாதிரி. பிரைமில் இட்டாலிக்கைத் தனியாக வரைந்திருக்கிறார்கள். எழுத்து கையெழுத்துப் பக்கம் போகிறது. எங்கள் வேலையில் இது அலங்காரம் இல்லை. கதாபாத்திரம் தெலுங்கிலோ இந்தியிலோ பேசுகிற வரிகளை இட்டாலிக்கில் போடச் சொல்வார்கள். ஸ்கிரிப்டைப் புரட்டுகிற வேகத்திலேயே அது வேறு மொழி என்று கண்ணில் பட வேண்டும். இப்போது படுகிறது.

இனி குறைகள். முதல் குறை என் தலையிலேயே விழுந்தது.

ஒரு தம்பி தயாரிப்பாளருக்கு ஸ்கிரிப்ட் கொடுக்க வேண்டும். பைண்டிங்கைத் தோலில் போட்டுக்கொள்கிறேன், அங்கேயே பிரிண்டும் எடுத்துக்கொள்கிறேன் என்று வேர்ட் ஃபைலைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனான். போன கடையின் கம்ப்யூட்டரில் கூரியர் பிரைம் இல்லை. இல்லாத ஃபான்டுக்குப் பதில் வேர்ட் தானாக வேறொன்றைப் போட்டுக்கொள்ளும், கேட்காது. டைம்ஸ் நியூ ரோமனில் விழுந்து, 118 பக்கம் 103 பக்கமாகச் சுருங்கிவிட்டது. பையன் புரட்டிக்கூடப் பார்க்காமல் தங்க எழுத்து அட்டையோடு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டான். அங்கே கேட்டிருக்கிறார்கள்: "ரெண்டாம் பாதி எங்கப்பா, வரவே இல்லையே?" சாயங்காலம் என் கடை வாசலில் வந்து நின்றான். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அக்கா, நீங்க சொல்லியிருக்கலாமே" என்றான். சொல்லியிருக்கலாம்தான். அன்றிலிருந்து யாருக்கும் வேர்ட் ஃபைல் மட்டும் கொடுப்பதில்லை. பிடிஎஃப் ஒன்றும் சேர்த்துத்தான். வேர்டிலேயே ‘எம்பெட் ஃபான்ட்ஸ்’ என்று ஒரு வசதி ஆப்ஷன்ஸுக்குள் ஒளிந்திருக்கிறது, அதையும் டிக் செய்துவிடுகிறேன். ஃபான்டின் குறை இல்லை என்று வாதாடலாம். ஆனால் கூரியர் நியூவாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. அது எல்லா விண்டோஸிலும் இருக்கிற சனியன்.

இரண்டாவது குறை பெரியது. இதில் தமிழ் இல்லை.

நம் சினிமாவில் ஸ்கிரிப்ட் மூன்று தினுசாக வரும். பழைய ஆட்கள் பக்கத்தை நடுவில் கோடு போட்டு, இடது பக்கம் ஆக்‌ஷன், வலது பக்கம் டயலாக், எல்லாம் தமிழில் எழுதுவார்கள். அவர்களுக்கு இந்த ஃபான்டும் வேண்டாம், இந்த விமர்சனமும் வேண்டாம். இரண்டாவது, எல்லாமே இங்கிலீஷ் எழுத்தில், டயலாக் உட்பட. தமிழ் படிக்கத் தெரியாத நடிகைகளுக்கும் கேமராமேன்களுக்கும் இதுதான் போகும். மூன்றாவது, ஆக்‌ஷன் இங்கிலீஷில், டயலாக் தமிழில்.

இரண்டாவது தினுசில் பிரைம் பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் நிமிஷக் கணக்கு கவிழ்ந்துவிடும். ‘வாழைப்பழம்’ தமிழில் ஆறு எழுத்து. இங்கிலீஷ் எழுத்தில் அடித்தால் 14 அறை. நெடிலுக்கு இரண்டு, ழகரத்துக்கு இரண்டு, ஐகாரத்துக்கு இரண்டு. நேற்று அடித்த ஒரு வரி: ‘என்னால முடியாது, நீங்க கிளம்புங்க’. தமிழில் கமா, இடைவெளி எல்லாம் சேர்த்து எண்ணினால் 21. இங்கிலீஷ் எழுத்தில் 37. டயலாக் பத்தியின் அகலம் 35 எழுத்துதான். ஆக ‘கிளம்புங்க’ மட்டும் தனியாகக் கீழே இறங்கி ஒரு வரியைச் சாப்பிட்டுவிடுகிறது. சொல்வதற்கு இரண்டு நொடி ஆகிற வசனம், ஒரு வரிக்குப் பதில் இரண்டு வரி. படம் முழுக்க இப்படி ஊதினால், மூன்று மணி நேரப் படம் என்று பயந்து மேனேஜர் சீனை வெட்டச் சொல்கிறார். வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள் தம்பி என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

மூன்றாவது தினுசில் வேறு தொல்லை. தமிழை அடிக்க ஆரம்பித்ததும் வேர்ட் பிரைமை விட்டுவிட்டு நிர்மலா யூஐக்குத் தாவும், பழைய சிஸ்டமாக இருந்தால் லதாவுக்கு. அது எழுத்துக்கு எழுத்து அகலம் மாறுகிற ஃபான்ட். பக்கத்தில் இருக்கிற இங்கிலீஷோடு ஒட்டாது. போதாக்குறைக்கு 12 பாயிண்ட் வரியில் 12 பாயிண்ட் நிர்மலாவை வைத்தால் கூரை இடிக்கும்: ‘தீ’யின் சுழி வெட்டுப்படும், புள்ளி இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும். மெய்யெழுத்துக்குப் புள்ளி போனால் என்ன ஆகும் என்று தமிழ் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் கண்டுபிடித்த வழி, ஃபான்ட் பெட்டியில் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று கீழே தனியாக இருக்கும் இடத்தில் நிர்மலாவை 10 பாயிண்டாகப் போடுவது. மேலே கூரியர் பிரைம் 12, கீழே நிர்மலா 10. ஸ்டைலாகச் சேமித்து வைத்துவிட்டால் அடிக்கும்போது நினைக்கவே வேண்டாம். பார்க்கச் சுமாராக இருக்கும், வெட்டுப்படாது.

தமிழில் ஒரே அகல எழுத்து முடியவே முடியாதா என்றால், முடிந்தது. எங்கள் தமிழ் டைப்ரைட்டர் அதைத்தான் செய்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழ் டைப்ரைட்டருக்கு வழி செய்தபோது நகரா விசை என்று வைத்தார். புள்ளியைத் தட்டினால் தாளைத் தாங்குகிற வண்டி நகராது. அடுத்துத் தட்டுகிற எழுத்து அந்தப் புள்ளிக்குக் கீழேயே வந்து உட்காரும். ‘யளனகபக’ என்று முதல் பாடம் அடித்தவர்களின் விரல் இன்றைக்கும் புள்ளியை முதலில்தான் தேடும். அந்த மெஷினில் ‘ட’ பக்கத்தில் காற்றாடும், ‘ண’ மூச்சுத் திணறும். ஆனாலும் ஆபீஸ் கடிதம் அத்தனையும் அதில்தான் ஓடியது. அந்த உருவத்தை எடுத்து, பிரைம் மாதிரி சதை ஏற்றி, ஒரு தமிழ் ஃபான்ட் யாராவது நிதானமாக வரைந்தால் முதல் வாடிக்கை நான்தான், காசு கொடுத்தே வாங்குவேன்.

சில்லறைக் குறைகள்: சைபரும் பெரிய ஓவும் கிட்டத்தட்ட அண்ணன் தம்பி. ஸ்கிரிப்டில் பரவாயில்லை, சீன் நம்பரில் குழப்பம் வராது. ஆனால் ஒரு பையன் வைஃபை பாஸ்வேர்டை இதில் அடித்து ஒட்டச் சொன்னான். வந்தவர்கள் அத்தனை பேரும் தப்பாகப் போட்டார்கள். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கென்று கூரியர் பிரைம் கோட் என்று தனியாக ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கிரிப்ட் தவிர வேறு எதற்கு ஆகும்? பில்லுக்கு ஆகும், எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும், டேபிள் போடாமலே ஸ்பேஸ் தட்டி ஒப்பேற்றலாம். பட்ஜெட் ஷீட், சீன் ஆர்டர் இரண்டுக்கும் நான் இதைத்தான் போடுகிறேன். நீளமான கடிதத்துக்கு வேண்டாம், இடத்தை விழுங்கும், படிக்கிறவருக்கும் அலுக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறையே 2004ல் கூரியர் நியூவை விட்டு டைம்ஸ் நியூ ரோமனுக்குப் போய்விட்டது. பயோடேட்டாவுக்குக் கேட்கிறார்கள், ‘வின்டேஜா இருக்கும்க்கா’ என்று. பார்க்கிற ஹெச்ஆருக்கு முப்பது வயது. போலீஸ் ஸ்டேஷன் எஃப்ஐஆர் என்று நினைத்துக்கொள்வார் என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். ஒருவர் கல்யாணப் பத்திரிகைக்கே கேட்டார். அவருக்கு நான் பதிலே சொல்லவில்லை.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். தமிழுக்காக ஒன்றைப் பிடித்துவைத்திருக்கிறேன். இங்கிலீஷில் திரைக்கதை எழுதுகிறவர்கள் கூரியர் நியூவை இன்றைக்கே தூக்கிவிட்டு இதைப் போட்டுக்கொள்ளலாம், யோசிக்க ஒன்றுமில்லை. தமிழில் டயலாக் வைக்கிறவர்கள் மேலே சொன்ன 12, 10 கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். மார்ஜின் எல்லாம் சரிசெய்த டெம்ப்ளேட் என்னிடம் இருக்கிறது, பென் டிரைவோடு வந்தால் சும்மாவே போட்டுத் தருகிறேன். அடித்துக் கொடுக்கப் பக்கத்துக்கு 25 ரூபாய். கையெழுத்து புரியாவிட்டால் 30.